அரைப் பாயிண்ட்

லே அவுட் முடிந்தபோது நாவல் 262 பக்கத்தில் வந்து நின்றது. பதிப்பாளருக்கு 256 வேண்டும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரத்தை லீடிங் என்போம், அதைப் பாயிண்ட் என்ற சிறிய அச்சு அளவில் அளப்போம். “லீடிங்கை அரைப் பாயிண்ட் குறைச்சா வந்துடும்ல சார்? படிக்கிறவங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?” என்றார். “தெரியாதுங்க, செய்துடலாம்” என்றேன். அப்படியே செய்தும் கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் “தெரியாதுங்க” என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்ற கேள்வி இன்னும் போகவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பகுதி, 16 பக்கம். 256 என்றால் சரியாகப் பதினாறு ஃபாரம். 262 என்றால் பதினேழாவது ஃபாரத்துக்குள் ஆறு பக்கம் நுழைந்து, பத்துப் பக்கம் வெறுமனே கிடக்கும். 140 மில்லிமீட்டர் அகலமுள்ள டெமி அளவில் உள்பக்க மார்ஜின் 20 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 15 என்று வைத்ததில் வரி நீளம் 105 மில்லிமீட்டர். எழுத்து 11 பாயிண்ட், லீடிங் 15.5, பக்கத்துக்கு 31 வரி. லீடிங்கை 15 ஆக்கினால் 32 வரி வரும். 31 வரியும் 32 வரியும் அடைக்கும் உயரத்தில் வித்தியாசம் அரைப் பாயிண்ட்தான் என்பதால் மார்ஜின் எதையும் தொட வேண்டியதில்லை. முகப்புப் பக்கங்கள் எட்டைக் கழித்து, மீதி 254ஐ 31ஆல் பெருக்கி 32ஆல் வகுத்தால் 246 சொச்சம். அத்தியாய முடிவுகளில் ஒன்றிரண்டு பக்கம் கூடினாலும் 256க்குள் அடங்கிவிடும்.

கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததால்தான் நானும் உடனே தலையாட்டினேனோ என்னவோ.

தமிழ்ப் பக்கத்தில் அரைப் பாயிண்ட் என்பது ஆங்கிலப் பக்கத்து அரைப் பாயிண்ட் இல்லை. ஆங்கிலத்தில் சிற்றெழுத்துகளுக்கு மேலே நிறைய வெள்ளை மிஞ்சும். நமக்கு மேலே புள்ளியும் கி, கீயின் வளைவும், கீழே ழ, ற, ஞு, மூ ஆகியவற்றின் வாலும் சுழியும் அந்த வெள்ளையைத் தின்றுவிடுகின்றன. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் தானாக வைக்கும் லீடிங் எழுத்தளவில் 120 சதவீதம். 11 பாயிண்டுக்கு அது 13.2. அதில் தமிழை ஓடவிட்டால் மேல் வரியில் ‘விழுது’ வந்து, நேர் கீழே ‘நீர்’ வரும் இடத்தில் ழுவின் வால் நீயின் சுழியில் இடிக்கும். 15இல் இடிக்காது. ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெள்ளை மயிரிழைதான். அச்சில் மை சற்றுக் கூடினால் அதுவும் அடைந்துபோகும். கணினித் திரையில் 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, கையில் புத்தகம் பிடிக்கும் தூரத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பை அனுப்பினேன்.

வேறு வழிகளும் இருந்தன. ஒவ்வொன்றையும் ஏன் விட்டேன் என்பதற்குக் காரணம் சொல்ல முடியும். உள்மார்ஜினில் மூன்று மில்லிமீட்டர் எடுத்திருக்கலாம். முதுகில் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் இவ்வளவு தடிமனான புத்தகம் முழுசாக விரியாது. வரியின் முதல் எழுத்து முதுகுப் பக்கம் மறைய, வாசகர் புத்தகத்தை மடக்கிப் பிடிப்பார், பசை விட்டுப்போகும். எழுத்தின் அகலத்தை 96 சதவீதம் ஆக்கலாம் என்பார்கள். அதை நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். செங்குத்துக் கோடு மட்டும் மெலிந்து, படுக்கைக் கோடு அப்படியே நிற்க, எழுத்தின் முகமே கெட்டுவிடும். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை, அதாவது ட்ராக்கிங்கைக் குறைத்து, ஒற்றைச் சொல்லோடு முடியும் பத்திகளின் கடைசி வரியை மேலே இழுப்பது நல்ல உத்திதான். ஆனால் ஆறு பக்கம் என்றால் 186 வரி. நம் சொற்கள் நீளமானவை. ஒரு வரிக்கு ஐந்தாறு சொல்தான் நிற்கிறது. இருபுறமும் சீராக்கும்போது கூடுதல் குறைச்சல் எல்லாம் அந்த நாலைந்து இடைவெளி தலையில்தான் விழும். 186 இடத்தில் இழுத்தால் பக்கம் முழுக்க ஒரு வரி நெருக்கியும் அடுத்த வரி ஓட்டை விழுந்தும் தெரியும்.

அரை ஃபாரத்தைச் சொன்னேன். எட்டுப் பக்கத்தைத் தாளின் இரு பக்கமும் அடித்து நடுவில் வெட்டினால் ஒரு தாளில் இரண்டு பிரதிக்கு ஆகும். 264 பக்கம், 262 அழகாக உட்கார்ந்துவிடும். “அதுக்குத் தனி பிளேட், தனி ஓட்டம். அடிக்கிறதே சில நூறு பிரதி சார்” என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. தாளுக்காக எழுத்தை நெருக்குவது தமிழ் அச்சில் முந்நூறு ஆண்டுகளாகவே உள்ளது என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடி மிஷனரிகளுக்கு வந்த அச்செழுத்துகள் மிகப் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகாமல் அங்கேயே சிறிய எழுத்து வார்த்துத்தான் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். ஆனால் அவர்கள் எழுத்தையே புதிதாக வெட்டினார்கள். நாங்கள் வெள்ளையை மட்டும் எடுத்தோம். இரண்டும் ஒன்றில்லை.

படிக்கிறவருக்குத் தெரியாது என்று நான் சொன்னது ஒரு வகையில் சரிதான். யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப்போவதில்லை. வரி நெருங்கும்போது, ஒரு வரியின் கடைசியிலிருந்து திரும்பும் கண் அடுத்த வரிக்குப் பதிலாகப் படித்த வரியிலேயே மறுபடி இறங்கும். வாசகர் அதற்கு லீடிங்கைக் குறை சொல்ல மாட்டார். நாவல் இழுவை என்பார். அந்தப் பழி எழுத்தாளருக்குப் போகிறது, அவரை நாங்கள் இருவருமே கேட்கவில்லை. இதுதான் உறுத்துகிறது. இன்னொரு பக்கம், 15 பாயிண்டும் படிக்க முடியாத அளவில்லை, இதைவிட நெருக்கமாக வரும் புத்தகங்கள் எத்தனையோ என்றும் தோன்றுகிறது.

இப்போது மறுபதிப்புப் பேச்சு வந்திருக்கிறது. பிரதி எண்ணிக்கை கூடினால் அரை ஃபாரத்தின் செலவு ஒரு பிரதிக்குச் சொற்பம்தான். பழைய 15.5 கோப்பும் இருக்கிறது. ஆனால் முதல் பதிப்பின் பக்க எண்ணைக் காட்டிக் கட்டுரைகள் வந்துவிட்டன. பக்கங்களை நகர்த்தினால் அந்த எண்கள் எல்லாம் தப்பாகிவிடும். இந்தத் தடவை எழுத்தாளரையும் உட்காரவைத்து, இரண்டு லீடிங்கிலும் ஒரே பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் காட்டப்போகிறேன்.