ஒருமுறை கேட்பதும் ஒவ்வொரு முறையும் கேட்பதும்

முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு நள்ளிரவில், வட்டில் இடமில்லை என்று சொல்லி நிரல் ஒன்று நின்றுபோனது. வேறொரு கணினியின் (சர்வரின்) வட்டை வலையமைப்பு வழியே சொந்த வட்டுபோல் பயன்படுத்த உதவும் என்.எஃப்.எஸ். நெறிமுறையில் மவுண்ட் செய்திருந்த, அதாவது இணைத்திருந்த, அந்த வட்டில் பாதிக்கு மேல் காலி என்றே, இடக்கணக்கைச் சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டியது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் ஐநோடு என்ற பதிவின் கணக்கைக் கேட்டுப் பார்த்தபோதுதான் அது 100 விழுக்காடு தீர்ந்திருப்பது தெரிந்தது. சில பைட்டுகளே கொண்ட தற்காலிகக் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்திருந்தன. சர்வருக்குள் நுழையும் அனுமதியே இல்லாத எனக்கு அந்த எண்ணிக்கை எப்படிக் கிடைத்தது என்று தேடப்போய், என்.எஃப்.எஸ். மூன்றாம் பதிப்பை விவரித்து 1995 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 1813 என்ற ஆவணத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

முந்தைய இரண்டாம் பதிப்பில் வட்டின் நிலையைக் கேட்க ஸ்டேட்எஃப்எஸ் என்ற ஒரே அழைப்புதான் இருந்தது. ஒரு தடவைக்கு எத்தனை பைட் அனுப்பினால் நல்லது என்ற நிலையான செய்தியும், வட்டில் எத்தனை பிளாக் (சிறு துண்டு) காலி என்ற நொடிக்கு நொடி மாறும் செய்தியும் அதில் கலந்தே வந்தன. கோப்புகளின் எண்ணிக்கைக்கு இடமே இல்லை.

மூன்றாம் பதிப்பு இவற்றைப் பிரித்தது. படிக்கவும் எழுதவும் உச்ச அளவு, ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாகலாம், ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர் தரும் ஹார்டு லிங்க் உண்டா போன்றவற்றை எஃப்எஸ்இன்ஃபோ சொல்கிறது. கேட்கும் கணினியான கிளையன்ட் அதை மவுண்ட் செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்கிறது. எஃப்எஸ்ஸ்டாட் என்பதோ மொத்தம், காலி, நமக்குக் கிடைக்கக்கூடியது என்ற மூன்றையும் பைட்டுகளுக்கு ஒரு முறை, கோப்புகளுக்கு ஒரு முறை என 64 பிட் எண்களாகத் தருகிறது. காலியாக இருப்பதெல்லாம் நமக்குக் கிடைப்பதில்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 விழுக்காட்டை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கிவிடும். நான்காம் பதிப்பில் இவை தனி அழைப்புகளாக இல்லாமல், மற்ற விவரங்களோடு சேர்த்துக் கேட்கும் பண்புகளாகிவிட்டன.

என் மனத்தைக் கவர்ந்தது எஃப்எஸ்ஸ்டாட் பதிலின் கடைசியில் வரும் இன்வார்செக் என்ற புலம். இந்தக் கோப்பு முறைமை இன்னும் எத்தனை நொடிகளுக்கு மாறாது என்று சர்வர் தன் கணிப்பைச் சொல்லும் இடம் அது. ஓயாமல் மாறும் வட்டுக்கு 0; சிடி-ராம் போன்ற மாறாத ஒன்றுக்கு 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண்ணான 4294967295. லினக்ஸ் சர்வர் எப்போதும் 0 என்றே அனுப்புகிறது, லினக்ஸ் கிளையன்டும் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறது. ஆகவே டிஎஃப் தட்டும் ஒவ்வொரு முறையும் கேள்வி சர்வருக்குப் போகிறது. சர்வர் விழுந்திருந்தால், பதில் வரும்வரை விடாமல் கேட்கும் ஹார்டு மவுண்டில் அந்தக் கட்டளை பதிலுக்காகக் காத்து அப்படியே உறைந்து நிற்கிறது. படிக்க மட்டுமே பகிரப்படும் ஆவண வட்டுகளுக்காவது இந்தப் புலத்தை மதித்து, முன்பு வாங்கிய பதிலையே கிளையன்ட் காட்டியிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.