இரண்டு இனிஷியல்கள்

எங்கள் வீட்டில் ஆண்டுக்கு மூன்று புத்தாண்டுகள். சித்திரை முதல் நாளும் ஜனவரி முதல் நாளும் போக, மூன்றாவது செப்டம்பர் 11. அமெரிக்கா முழுவதும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கும் அதே நாளில்தான் எத்தியோப்பியாவில் மஸ்கரம் மாதம் பிறக்கிறது. மழைக்காலம் ஓய்ந்து, மலைச்சரிவெங்கும் அடே அபெபா என்னும் மஞ்சள் பூ மலரும் அந்தத் திருநாளுக்கு என்குதாதாஷ் என்று பெயர். மேரிலாந்தில் அந்தப் பூவுக்கு எங்கே போவது? மஞ்சள் சாமந்தியை வாங்கி வைத்து ஒப்பேற்றுகிறேன்.

2011இல் அடிஸ் அபாபாவிலிருந்து ஐந்து வயது அக்காளையும் மூன்று வயதுத் தம்பியையும் தத்தெடுத்து வந்தோம். அதற்கு முன் அந்த நாட்டைப் பற்றி நான் அறிந்திருந்ததெல்லாம் 1984ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் படங்கள் மட்டுமே என்பதைச் சற்று வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். அந்தப் படங்களை என் மனத்திலிருந்து அகற்றியவள் மகள். விடுதியில் எங்களோடு உண்ட முதல் மதிய உணவின்போது, அதுவரை என் முகத்தையே பார்க்காதிருந்தவள், தோசை போன்ற இஞ்சேராவில் ஒரு துண்டைக் கிள்ளி, பருப்பைச் சுற்றி உருட்டி, எழுந்து வந்து என் வாயில் ஊட்டினாள். குர்ஷா என்பது அதன் பெயர் என்றும், அன்புக்கும் மரியாதைக்கும் உரியவர்களுக்கு அப்படி ஊட்டுவது அங்கே வழக்கம் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். நான் அவளுக்கு ஊட்டுவதற்கு முன்பே அவள் எனக்கு ஊட்டிவிட்டாள்.

இஞ்சேரா எனக்கு எளிதில் கைவரவில்லை. தெஃப் என்னும் சிறுதானிய மாவைக் கரைத்துச் சில நாள் புளிக்க வைத்துக் கல்லில் ஊற்றுவதுதானே, தோசை வார்க்கும் கைக்கு இது பெரிய வேலையா என்று நினைத்து, பழக்கதோஷத்தில் திருப்பிப் போட்டுவிட்டேன். மேற்புறத்துக் குழிகள் அத்தனையும் நசுங்கிப்போயின. அந்தக் குழிகளை அம்ஹாரிக் மொழியில் ‘கண்’ என்பார்கள். “அம்மா இஞ்சேராவைக் குருடாக்கிவிட்டாள்” என்று மகள் சொல்லிச் சிரித்தது இன்றுவரை வீட்டில் ஓடும் கேலி. அதை ஆப்பத்தைப் போல மூடி வைத்துத்தான் வேகவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்ஹாரிக் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பின்னால் நானும் உட்கார்ந்தேன். ஃபிதெல் எழுத்து எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு சேர்ந்து ல, லு, லி, லா என்று வடிவம் மாறும்போது, உயிர்மெய் படித்து வளர்ந்தவளுக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? இடையில் வரும் ஆறாம் வடிவம் பல சொற்களில் நம் புள்ளி வைத்த எழுத்தைப் போலவே உயிரின்றி ஒலிக்கும்.

ஆனால் அடுப்பையும் எழுத்தையும் விட எங்களை நெருக்கமாகக் கட்டிப்போட்டது பெயர்தான். அங்கே குடும்பப் பெயர் கிடையாது. நம்மைப் போலவே தன் பெயர், அதையடுத்துத் தந்தையின் பெயர், அவ்வளவுதான். தத்துப் பத்திரத்தில் அந்த இரண்டாம் இடத்தில் என் கணவரின் பெயர் ஏறியது. இறந்துபோன தந்தையின் பெயர் ஒரே நாளில் தாளிலிருந்து மறைந்தது. விடைபெறும்போது பிள்ளைகளின் பாட்டி மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு முறை சொன்னது அந்தப் பெயரைத்தான். மேரிலாந்துக்குத் திரும்பியதும் நீதிமன்றத்தில் மனுச் செய்து, பிள்ளைகளின் பெயரோடு அதைச் சேர்த்துக்கொண்டோம்.

2018 ஜனவரியில் எத்தியோப்பிய நாடாளுமன்றம் வெளிநாட்டினர் தத்தெடுப்பதற்குத் தடை விதித்தபோது, நான் வருந்துவேன் என எண்ணிப் பலர் தொலைபேசியில் அழைத்தார்கள். எனக்கு வருத்தம் வரவில்லை. அந்தப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு உதவி கிடைத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் அவர் மடியிலேயே வளர்ந்திருப்பார்கள் என்பதும், அப்படியானால் எனக்குப் பிள்ளைகளே இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் ஒருசேரத் தோன்றும். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட என்னால் முடிந்ததில்லை.

அதே ஆண்டு, தமிழ்ப் பள்ளியில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடச் சொன்னார்களாம். மகன் குறிப்பேட்டை நீட்டினான். முதலில் என் கணவரின் தமிழ் எழுத்து, அடுத்து ஒரு ஃபிதெல் எழுத்து, பிறகு தன் பெயர். ஆசிரியை திருத்தாமல் சரி போட்டிருந்தார்.