பாலன் தனியா இருப்பாரே

"சரி சாமி. எல்லாரும் அங்க வந்துட்டா இங்க பாலன் தனியா இருப்பாரேன்னுதான் கேட்டேன்."

அந்தம்மா சொன்னது இவ்வளவுதான். கோபமா சொல்லல, குறையா கூட சொல்லல. 2023 டிசம்பர் 24, காலை 6 மணி பூசை முடிஞ்சு நான் ஊதா உடுப்பை மடிச்சு பைக்குள்ள வச்சிட்டு இருக்கேன், 8 மணிக்கு பங்குக் கோவில்ல அடுத்த பூசை. அந்தக் கிளைக்கோவில் சாவி அவங்ககிட்டதான் இருக்கும். பழைய துண்டுல சுத்தின பாலனை, அதான் கிறிஸ்மஸ் குடில்ல வைக்கற குழந்தை இயேசு சொரூபத்தை, நெஞ்சோட அணைச்சு பிடிச்சிக்கிட்டு கதவோரமா நின்னாங்க. துண்டுக்கு வெளிய ரெண்டு பாதம் மட்டும் தெரிஞ்சது, வருஷ வருஷமா எல்லாரும் முத்தம் கொடுத்து கொடுத்து அந்த எடத்துல மட்டும் பெயிண்ட் போயி வெள்ளையா இருந்துச்சு.

அவங்க கேட்டது, "நீங்க இங்க இருக்கும்போதே குடில்ல வச்சிட்டு போயிருங்களேன் சாமி."

நான் சொன்னது, "இல்லம்மா, இன்னும் திருவருகைக்காலம்தான், இப்ப வைக்கக்கூடாது. ராத்திரி எல்லாரும் பங்குக் கோவிலுக்கு வந்துருங்க."

நான் சொன்னது தப்பில்ல. இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லியிருப்பேன்னு கணக்கில்ல. கிறிஸ்மஸ்க்கு முன்னாடி நாலு ஞாயிறு காத்திருக்கறதுதான் திருவருகைக்காலம், அந்த வருஷம் அது டிசம்பர் 3ல தொடங்குச்சு, நாலாம் ஞாயிறே 24ல வந்து விழுந்துருச்சு, அதனால நாலாவது வாரம்னு ஒரு வாரமே கிடையாது, ஞாயிறுக்கு ஒண்ணா ஏத்தற மெழுகுவர்த்தில நாலாவதை காலையில ஏத்துறோம், சாயங்காலமே கிறிஸ்மஸ் திருவிழிப்புப் பூசை. பங்குக் கோவிலோட சேத்து எனக்கு 5 கோவில், சாமியார் நான் ஒருத்தன். திருச்சபைச் சட்டம் 905 சொல்றபடி ஒரு குரு சாதாரணமா ஒரு நாளைக்கு ஒரு பூசைதான், சாமியார் பத்தாத எடத்துல ஆயர் அனுமதியோட ஞாயிறு, பூசைக்கு கட்டாயம் வரவேண்டிய கடன்திருநாள்ல மூணு வரைக்கும் போகலாம். கிறிஸ்மஸ்க்கு நள்ளிரவு, விடியல், பகல்னு மூணு. 24 ஞாயிறுக்கு மூணு, 25க்கு மூணு, ஆக ரெண்டு நாள்ல ஆறு. பங்குக் கோவிலுக்கு ஞாயிறு பூசையும் நள்ளிரவுப் பூசையும் விட முடியாது. மீதி நாலை நாலு ஊருக்கு பிரிச்சா ஒரு ஊருக்கு 24 காலைப் பூசை மட்டும்தான் மிஞ்சும், அது காத்திருப்புக் காலத்து ஊதா உடுப்புப் பூசை, வானவர் கீதம்ங்கற மகிழ்ச்சிப் பாட்டு கிடையாது, பாலன் கிடையாது. இருக்கறதுலயே சின்ன ஊருக்கு அதைக் கொடுத்தேன். 14 குடும்பம். வேற யாரு இருந்திருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பாங்க.

ஆனா அவங்க என்கிட்ட இன்னொரு பூசையா கேட்டாங்க? பாலனை வைக்கத்தானே கேட்டாங்க. ரெண்டு நிமிஷம். நான் பதில் சொன்னது அவங்க கேட்காத கேள்விக்கு. காலையிலேர்ந்து மண்டைக்குள்ள அட்டவணையே ஓடிக்கிட்டு இருந்ததால அவங்க வாயைத் திறந்ததும் இதுவும் டைம் பத்தின புகார்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

இல்ல, அதுவும் முழுசா சரியில்ல. திருவருகைக்காலம்னா காத்திருக்கறதுன்னு நாலு ஞாயிறா பிரசங்கம் வச்சவன் நான், கடைசி நாள்ல என் வசதிக்காக ஒரு ஊருக்கு மட்டும் முன்னாடியே பொறப்பை முடிச்சு வச்சா என்ன அர்த்தம்? குடில்ல பாலனைக் கிடத்தற தொட்டி காலியா இருக்கறதுல ஒரு அழகு இருக்கு, நான் அதை நிஜமாவே நம்புறேன். இத்தாலியில கிரேச்சோ ஊர்ல 1223ல புனித பிரான்சிஸ் அசிசியார் அமைச்ச குடில்லகூட சொரூபம்னு எதுவும் வைக்கல, வைக்கோல், மாடு, கழுதை அவ்வளவுதான், அந்தத் தீவனத்தொட்டி மேலேயே பூசை நடந்துச்சு. அது நடந்து அப்ப சரியா 800 வருஷம், நள்ளிரவுப் பூசையில நான் அதைத்தான் பிரசங்கமா வச்சேன். பெரிய நகரத்துக் கோவிலைத் தேடிப் போகாம ஒரு சின்ன மலையூர்ல போயி செஞ்சாரு பாருங்கன்னு மைக்ல சொல்லிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு குரல் கொஞ்சம் இறங்கிருச்சு. அன்னைக்கு காலையில அந்தச் சின்னக் கோவில்ல வாசிச்ச முதல் வாசகமும் ஞாபகம் வந்துச்சு. 2 சாமுவேல் 7. தாவீது கடவுளுக்கு ஒரு வீடு கட்டப் பாக்குறாரு, கடவுளோ நீயா எனக்கு வீடு கட்டப்போற, நீ போன எடமெல்லாம் நான் உன்னோடதானே இருந்தேன்னு கேக்குறாரு. அதை வாசிச்சிட்டு அடுத்த அரைமணி நேரத்துல நான் அவங்களைப் பெரிய கோவிலுக்கு வரச் சொல்லியிருக்கேன்.

வானவர் கீதம் தொடங்கி மணி அடிச்சப்ப கூட்டத்துல அந்த ஊர் முகங்களைத் தேடினேன். ஏழெட்டு பேர் இருந்தாங்க, பெரும்பாலும் பசங்க. அந்தம்மா இல்ல.

27ம் தேதிதான் அந்தப் பக்கம் போக முடிஞ்சது. அவங்க மக வீட்டுக்கு போயிட்டாங்களாம், பக்கத்து வீட்டுல சாவி வாங்கித் திறந்தேன். தொட்டியில பாலன் இருந்தாரு. அந்தத் துண்டை நாலா மடிச்சு அடியில விரிச்சிருந்தாங்க, பக்கத்துல முழுசா உருகி முடிஞ்ச ஒரு மெழுகுவர்த்தி அடி. யாரு வச்சா, எத்தனை பேர் இருந்தாங்க, 12 மணிக்கா அதுக்கு முன்னாடியா, எதையும் நான் யார்கிட்டயும் கேக்கல. அவங்க ஒருத்தரா உக்காந்து வச்சிருந்தா அதுக்கு நான்தான் காரணம்னு ஒரு நாள் தோணுது. நான் கொடுத்திருக்கக்கூடிய எந்தப் பூசையையும் விட அது பெருசுன்னு இன்னொரு நாள் தோணுது, ஆனா அப்படி நினைக்கறது எனக்கு ரொம்ப வசதியா இருக்கு, அதனால அதை நம்ப பயமா இருக்கு.

2024ல 24 செவ்வாய்க்கிழமை வந்துச்சு, ஞாயிறு பூசை குறுக்க இல்ல, அந்த ஊருக்கு 24 சாயங்காலப் பூசை போட்டேன். பாலனை நீங்களே வைங்கம்மான்னு சொன்னேன். "சாமி இருக்கும்போது நான் எதுக்கு" ன்னு சொல்லி என் கையில கொடுத்தாங்க. போன வருஷம் பத்தி அப்பவாவது கேட்டிருக்கலாம். கேக்கல. அந்த சாயங்கால நேரம் வழக்கமா இன்னொரு கிளை ஊரோடது, அவங்களை விடியலுக்கு மாத்திட்டேன், அந்த ஊர் பெரியவர் ஒருத்தர் அதுக்கப்புறம் என்கிட்ட சரியா பேசறதே இல்ல.

2028ல டிசம்பர் 24 மறுபடி ஞாயிறு. அதுக்குள்ள எனக்கு மாற்றல் வந்திருக்கும். அடுத்து வர்ற சாமியாருக்கு ஒரு தாள் எழுதி வைக்கலாம்னு உக்காந்தேன், அஞ்சு ஊர் பேரையும் எழுதி எதிர்ல நேரம் போட்டுட்டு வந்தேன், அந்தச் சின்ன ஊருக்கு நேரா மட்டும் இன்னும் ஒண்ணும் எழுதல.