பேட்ச் சென்சாரில் டிசி கசிகிறதா? வியர்வையில் நனைத்துப் பாருங்கள்

இதயத் துடிப்பைப் பதிவுசெய்ய நெஞ்சில் ஒட்டிய இசிஜி பேட்ச்சை உரித்ததும் முதலில் தோலைப் பார்க்க வேண்டும். பசை பட்ட இடம் முழுக்கச் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் பசையின் வேலை. ஒரே ஒரு எலக்ட்ரோடுக்குக் கீழே மட்டும் சிவந்து, நடுவில் மிளகளவு புள்ளி தெரிந்தால் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரன்ட், கசிவதாகச் சந்தேகப்படலாம். அடுத்து எலக்ட்ரோடுகளைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி குளோரைடு பூச்சுள்ள ஜோடியில் ஒன்று கறுத்து, மற்றது வெளுத்துப் பளபளத்தால் கரன்ட் ஒரே திசையில் ஓடியிருக்கிறது. பிளஸ் பக்கம் குளோரைடு படியும், மைனஸ் பக்கம் கரையும்.

பேட்டரியில் ஓடும் கருவிக்கு எர்த்தோடு தொடர்பில்லை. அதனால் "ஷாக் அடிக்குமா" என்ற கேள்வி சார்ஜ் போடும்போதோ கேபிளில் மாட்டியிருக்கும்போதோ மட்டும்தான் பொருந்தும். மற்ற நேரத்தில் கரன்ட் போக இரண்டே வழிதான்: ஒரு எலக்ட்ரோடிலிருந்து இன்னொன்றுக்கு, அல்லது சார்ஜிங் பின்னிலிருந்து வியர்வை வழியாக எலக்ட்ரோடுக்கு. மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 60601-1 தரப்படி தோலில் ஒட்டும் பாகத்துக்கு டிசி வரம்பு சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர், ஒரு பழுது வந்த நிலையில் 50. ஏசிக்கு, தோலில் படும் பாகம் எர்த்திலிருந்து பிரிக்கப்பட்ட பிஎஃப் வகையில், 100, 500. டிசிக்கு மட்டும் ஏன் இத்தனை கறார்? அது ஒரே திசையில் மணிக்கணக்காக ஓடி, எலக்ட்ரோடுக்கு அடியில் ரசாயனத்தையே மாற்றிவிடுகிறது. 10 மைக்ரோ ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் மொத்த மின்னூட்டம் 0.86 கூலும். அது மைனஸ் பக்கத்தில் சுமார் 1.3 மில்லிகிராம் வெள்ளி குளோரைடைத் தின்றுவிடும். பூச்சு இருக்கும்வரை தோலுக்குப் பெரிய தொல்லை இல்லை. அது தீர்ந்த பிறகு தண்ணீர் பிரிந்து காரம் உண்டாகும். தோலைப் புண்ணாக்குவது அந்தக் காரம்தான். முதல் நாள் சும்மா இருந்த பேட்ச் மூன்றாம் நாள் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 1 கிலோ ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்று போதும். பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு என்று ஐந்து பட்டை இருக்கும். அதை உடம்புக்குப் பதிலாக இரண்டு எலக்ட்ரோடு பட்டன்களுக்கு நடுவே கட்டி, அதன் குறுக்கே மல்டிமீட்டரை டிசி 200 மில்லிவோல்ட்டில் வையுங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். எந்தக் கடையிலும் கிடைக்கிற டிடி830டி மீட்டரே 0.1 வரை காட்டும். பேட்ச்சை எல்லா நிலையிலும் ஓடவிட வேண்டும்: சும்மா இருக்கும்போது, பதிவு செய்யும்போது, புளூடூத்தில் அனுப்பும்போது, எலக்ட்ரோடு கழன்றதா என்று பார்க்கும் லீட்-ஆஃப் சோதனை இயங்கும்போது. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். மூன்று எலக்ட்ரோடு என்றால் மூன்று ஜோடியையும் அளக்க வேண்டும்.

கல்லூரி புராஜெக்ட்டுகள் பல அந்தக் கடைசி நிலையில்தான் மாட்டும். இசிஜி சிக்னலைப் படிக்கும் ஏடிஎஸ்1292 சிப்பில் லீட்-ஆஃப் கரன்ட்டை நான்கு அளவில் வைக்கலாம்: 6 நானோ, 22 நானோ, 6 மைக்ரோ, 22 மைக்ரோ ஆம்பியர். இணையத்தில் கிடைத்த புரோகிராமை அப்படியே ஒட்டும்போது 22 மைக்ரோ வந்து உட்கார்ந்தால், எந்தப் பழுதும் இல்லாமலேயே வரம்பைப்போல இரண்டு மடங்கு. 6 நானோவில் வையுங்கள், தோலுக்கு அதுவே போதும். இன்னொரு இசிஜி சிப்பான ஏடி8232 போர்டில் இந்த வேலைக்கு 10 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் 3.3 வோல்ட்டுக்கு 0.33 மைக்ரோதான், பயமில்லை.

பழுது நிலைக்கு ஒரு சின்னக் கணக்கு. லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட். உள்ளே சிப் ஷார்ட் ஆகி அந்த மின்னழுத்தம் நேராக எலக்ட்ரோடுக்கு வந்தாலும் 50 மைக்ரோவைத் தாண்டக்கூடாது என்றால், வழியில் குறைந்தது 84 கிலோ ஓம் வேண்டும். ஒவ்வொரு எலக்ட்ரோடு வயரிலும் 100 கிலோ ஓம் போட்டால் 42 மைக்ரோவில் நிற்கும். ஒன்றே போடாமல் இரண்டைத் தொடராகப் போடுவது நல்லது. ஒன்றின்மேல் ஈயம் வழிந்து ஷார்ட் ஆனாலும் மற்றது காக்கும்.

இதுவரை சொன்னது காய்ந்த நிலைச் சோதனை. சித்திரை வெயிலில் சேலம் டவுன் பஸ்ஸில் நிற்கிறவர் நெஞ்சில் பேட்ச் காய்ந்து கிடக்காது. செயற்கை வியர்வை செய்வது சுலபம்: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் உப்பு 5 கிராம், யூரியா 1 கிராம், லாக்டிக் அமிலம் 1 கிராம், பிறகு காரத்தால் பிஎச் 6.5க்குக் கொண்டுவர வேண்டும். பேட்ச்சையே அதில் முக்கிவிடாதீர்கள். எலக்ட்ரோடுகளுக்கு நடுவே ஈரம் புகுந்தால் கரன்ட் ரெசிஸ்டரை விட்டு ஈரத்தில் ஓடி, மீட்டர் குறைத்துக் காட்டும். ஒரு செ.மீ. அகலப் பருத்தித் துணியை நனைத்து, பேட்ச் மூடியின் இடுக்கின்மீதும் சார்ஜிங் பின்மீதும் மட்டும் போடுங்கள். துணிக்குள் ஒரு வெள்ளிக் கம்பி செருகி, கம்பிக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே அந்த 1 கிலோ ஓம்.

ஏன் வெள்ளி? ஸ்டீல் தட்டையோ செம்புக் கம்பியையோ வைத்தால் உப்பு நீரில் அதுவே ஒரு பேட்டரியாகி, இல்லாத கசிவைக் காட்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், அது ஆகாது. சுத்த வெள்ளிக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். உப்பு நீரில் அதை 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸில் கட்டி, 1 கிலோ ஓம் தொடராக வைத்து, மைனஸ்ஸில் இன்னொரு வெள்ளித் துண்டு போட்டால் பத்து நிமிடத்தில் கம்பி கருஞ்சாம்பலாகும். அதுதான் குளோரைடு. இத்தனைக்குப் பிறகும் மீட்டர் சில மைக்ரோ காட்டினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து கழித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவதுதான் கசிவு.

பின்னில் பச்சை பூத்திருந்தால் அளக்கும் முன்பே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்: சார்ஜர் இல்லாதபோதும் பின்னுக்குப் பேட்டரி மின்னழுத்தம் வருகிறது, தங்கமுலாம் போய்ச் செம்பு கரைகிறது. பின்னுக்கும் சார்ஜிங் சிப்புக்கும் நடுவே கரன்ட் பின்னுக்குத் திரும்பாமல் தடுக்க ஒரு ஷாட்கி டையோடோ மாஸ்ஃபெட்டோ போட வேண்டும். ஷாட்கியில் பின்னோக்கிய கசிவு குறைவானதாகப் பார்த்து எடுங்கள். பத்து டிகிரி சூடு ஏறினால் அது ஏறக்குறைய இரட்டிக்கும்.

ஏற்காட்டில் வேறு கதை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் வெயில் போய் மூட்டம் வந்துவிடும். ஃபிளக்ஸ், அதாவது ஈயம் வைக்கும்போது பூசும் பசை, கழுவாத போர்டு அந்த ஈரத்தை உறிஞ்சும். 3.3 வோல்ட்டில் 10 மைக்ரோ கசிய, தடை 330 கிலோ ஓம் வரை இறங்க வேண்டும். வெறும் மூட்டத்தில் அவ்வளவு இறங்குவது அரிது. ஆனால் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் சில மெகா ஓம் கசிவே போதும், லீட்-ஆஃப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து, அக்ரிலிக் பூச்சு ஸ்பிரே அடிக்க வேண்டும். கழுவாமல் ஸ்பிரே அடித்தால் அழுக்கைப் பூட்டி வைத்த மாதிரி.

சார்ஜ் போடும்போது ஏசி. இரண்டு பின் சார்ஜருக்குள் மெயின் பக்கத்தையும் வெளியீட்டையும் இணைக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில், 1 நானோ ஃபாரடுக்கு அதிகபட்சம் 72 மைக்ரோவும், 2.2க்கு 159 மைக்ரோவும் வரலாம். டெஸ்டர் எரிவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சில மைக்ரோவுக்கே நியான் எரியும். சார்ஜரின் வெளியீட்டு மைனஸ்ஸுக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவே அதே 1 கிலோ ஓம். அதன் குறுக்கே 10 கிலோ ஓமும் 15 நானோ ஃபாரடும் தொடராக வைத்து, கெப்பாசிட்டரின் குறுக்கே ஏசி மில்லிவோல்ட் உள்ள ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரில் படியுங்கள். டிடி830டி இங்கே உதவாது, அதன் ஏசி 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. இணைப்பெல்லாம் முடித்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்; ஓடும்போது கை வைக்காதீர்கள். பிளக்கைத் திருப்பிச் செருகி இன்னொரு முறை அளந்து, பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மில்லி ஆம்பியரில் வந்தால் அந்த சார்ஜர் குப்பைக்கு.

சார்ஜர் நல்லதாகவே இருந்தாலும் பேட்ச்சை ஒட்டிக்கொண்டே சார்ஜ் போட முடியாதபடி பின்களைத் தோல் பக்கமே வையுங்கள். கழற்றினால்தான் கேபிள் மாட்டும். லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிள் போட்டு நெஞ்சிலிருந்து சிக்னல் பார்ப்பவர்களும் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும்.