தாரும் சரளையும்

நியூசிலாந்துக்கு வந்த புதிதில் வேலை, வீடு எல்லாம் ஒருவழியாக அமைந்துவிட்டன, பேசத்தான் ஆள் இல்லை. வாரக் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு நாலு இடம் பார்த்துவிட்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே வீட்டுக்கு வந்துவிடலாம். சைக்கிளில் அது முடியாது. பாதி தார், பாதி சரளை என்று நாள் முழுக்கப் போகிற வழிகளில் சுத்தமாக முடியாது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒடாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில்தான். 1990-இல் மூடிய ரயில் பாதையைச் சரளைப் பாதையாக்கி 2000-இல் முழுசாகத் திறந்தார்கள், கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். ரயிலுக்காகப் போட்டது என்பதால் மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம் எதுவும் கிடையாது. ஆனால் எதிர்காற்று பிடித்துக்கொண்டால் அந்தச் சமதரையே மலையாகிவிடும். பூல்பர்ன் மலையிடுக்கில் சுரங்கங்கள் வரும், உள்ளே கும்மிருட்டு, டார்ச் இல்லாமல் போகாதீர்கள். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 1994 முதல் இங்கே சட்டப்படி கட்டாயம்.

சரளை ரோடு தனி வித்தை. தார் ரோட்டுக்கு அடித்த காற்றோடு அதில் இறங்கினால் கல்லுக்குக் கல் துள்ளும், அதனால் தார் முடிகிற இடத்தில் நிறுத்தி டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். கார் சக்கரங்கள் அழுத்திப்போன தடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் குவிந்திருக்கும் சரளை முன்சக்கரத்தை அப்படியே இழுத்துவிடும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கவே கூடாது, பிடித்தால் மாலைக்குள் விரல்கள் மரத்துப்போகும். எதிரே வண்டி வந்தால் புழுதிதான். ஆனால் பண்ணைக்காரர்கள் பலர் நம்மைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டுப் போவார்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை, அப்புறம்தான் தெரிந்தது, அது வணக்கம். சிலர் வண்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் பாலம் இல்லை, ஓடையில் இறங்கித்தான் போகணும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு இங்கே முதலில் பழக்கமானவர்கள் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

அவர்களில் ஒருவர் இப்போது டூர் அவோடெயரோவா என்கிற நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு இழுக்கிறார். கேப் ரெய்ங்காவிலிருந்து ப்ளஃப் வரை, நாட்டின் வடக்கிலிருந்து தெற்கே, சுமார் 3000 கிலோமீட்டர். ஆரம்பத்திலேயே நைன்ட்டி மைல் பீச், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து ஈர மணலில் ஓட்ட வேண்டும். ஆசையெல்லாம் இருக்கிறது, சரி, ஒரு மாச லீவு எங்கே கிடைக்கும்?