அப்பாவின் இரண்டு பெயர்கள்

அப்பா இறந்து பதினொரு மாதம் கழித்து, நேற்றுத்தான் அவருடைய ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு அம்மாவின் வங்கிக் கணக்கில் விழுந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. சம்பளத்தில் 8 வீதம் அவரிடம் பிடித்தது, அவர் வேலை செய்த தேயிலைத் தோட்டம் கட்டியது 12 வீதம். முப்பத்தொரு வருட உழைப்பு அது.

இறந்தவரின் ஈபிஎப் காசைக் கேட்கும் எல் படிவம், மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் எல்லாம் இரண்டு வாரத்தில் சேர்ந்துவிட்டன. இடித்தது பெயர்தான். அப்பா வாலிப வயதில் ஞானஸ்நானம் எடுத்தவர். அடையாள அட்டையில் கிறிஸ்தவப் பெயர். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலிலும் ஈபிஎப் கணக்கிலும் வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிய பழைய பெயர். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

பொகவந்தலாவையிலிருந்து முதல் பஸ்ஸில் தொழில் அலுவலகத்துக்குப் போய், நான்கு மணிநேரம் காத்திருந்தோம். "ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நாங்க எப்படி நம்புறது?" என்றார் உத்தியோகத்தர். "நான் அவரோட குடும்பம் நடத்துனவ ஐயா" என்றார் அம்மா. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு போனால், உத்தியோகத்தர் லீவு. மூன்றாம் தடவை மண்சரிவு. பாதி வழியில் பஸ் திரும்பிவிட்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, இல்லாமல் போனது.

அன்றிரவு எங்கள் லயத்து வீட்டில் நான் கத்திவிட்டேன். "ஜெபம் பண்ணிப் பண்ணி என்னம்மா கண்டோம்?"

அம்மா லூக்கா 18-ஐத்தான் எடுத்தார். "அந்த விதவ வீட்லயே ஒக்காந்துக்கிட்டா இருந்தா? அந்த நீதிபதி வாசலுக்கே போய்ப் போய் நின்னாள்ல. நாமளும் போவோம்யா."

ஓய்வுநாள் பாடசாலையில் எத்தனையோ தடவை கேட்ட உவமை. தேவனுக்குப் பயப்படாத, மனுஷரை மதிக்காத நீதிபதி அவன். கர்த்தர் எங்களை மறந்துவிட்டார் என்று நான் புழுங்கிய மாதங்களில், அவரை நம்பித்தான் அம்மா பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரிடம் சொன்னேன். அவர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். பழைய பெயர், புதுப் பெயர், தாத்தாவின் பெயர், டிவிஷன், தேதி: எல்லாம் ஒரே வரியில்! அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சத்தியக் கடதாசியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பதிவேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, பிறந்த தேதியும் ஈபிஎப் இலக்கமும் போட்ட தோட்டக் கடிதம் இரண்டையும் கொண்டுபோங்கள். எதைக் கொடுத்தாலும் தேதி முத்திரையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். அப்பா அம்மா இன்னும் வேலையில் இருந்தால், அவர்களுடைய ஈபிஎப் அங்கத்தவர் அட்டையான பி கார்டில் என்ன பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.

பதிவேட்டுப் பிரதியோடு போனபோதும் அதே உத்தியோகத்தர்தான். பிரதியை இரண்டு முறை படித்தார். பிறகு அப்பாவின் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சத்தமாக வாசித்தார். அப்பாவே உள்ளே வந்துவிட்டதுபோல, அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழும்பி நின்றார்.