மாடி டிவிஆருக்குக் கேபிள் இழுக்காமல் நெட் கொடுத்த கதை

மாடி அறையில் கேமரா டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), பழைய டெஸ்க்டாப். இரண்டிலும் லேன் போர்ட் மட்டும்தான், வைஃபை கிடையாது. ஃபைபர் மோடமோ கீழே ஹாலில். கான்கிரீட்டில் ஓட்டை போட அப்பா சம்மதிக்கவே இல்லை. சரி, பரணில் கிடந்த பழைய ரூட்டரை இறக்கி ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருளை ஏற்றினேன். 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். அதற்கு இது மட்டுமட்டு.

சனிக்கிழமை: ரூட்டரைக் கிளையன்டாக, அதாவது ஒரு போனைப் போல, மோடத்தின் வைஃபையில் சேர்த்தேன். இரண்டுக்குமே முகவரி 192.168.1.1 என்பதைக் கவனிக்காமல் அரை மணி நேரம் போனது. ரூட்டரை 192.168.2.1 ஆக்கியதும் டெஸ்க்டாப்பில் நெட் வந்துவிட்டது. பெருமையாகக் கீழே இறங்கினால் அப்பா போனை நீட்டினார்: "வாசல் கேமரா தெரியலையேடா."

தெரியாதுதான். போன் 1 வரிசையில் (192.168.1.x) இருக்கிறது, டிவிஆர் 2 வரிசையில் (192.168.2.x), ரூட்டரின் நேட்டுக்கு (உள்ளே இருப்பவற்றை ரூட்டரின் ஒரே முகவரிக்குள் மறைக்கும் ஏற்பாடு) பின்னால். உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. (கிளவுட் வழியாகப் பார்க்கலாம். வீட்டு வாசலைப் பார்க்க வெளியூர் சர்வர் எதற்கென்று அதை அணைத்து வைத்திருக்கிறேன்.)

ஞாயிறு: லேனையும் வைஃபையையும் பிரிட்ஜ் செய்ய, அதாவது ஒரே நெட்வொர்க்காக இணைக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. மோடத்தில் பதிவானது ரூட்டரின் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) மட்டும். வழக்கமான வைஃபை ஃபிரேமில் (வைஃபையில் போகும் தரவுத் துண்டு) மூன்று முகவரிகள்தான். ரூட்டரின் முகவரியோடு டிவிஆருடையதையும் எழுத இடமில்லை. நான்காவது முகவரி சேர்ப்பதுதான் டபிள்யூடிஎஸ். அது இரு முனையிலும் இருக்க வேண்டும். மோடத்தின் மெனுவைத் தலைகீழாகப் புரட்டியும் காணோம்.

கடைசியில் கைகொடுத்தது ரிலேடி என்ற ஓபன்டபிள்யூஆர்டி புரோகிராம். டிவிஆர் எங்கே என்று போன் ஏஆர்பியில் (ஒரு ஐபி எண்ணுக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் முறை) கேட்டால், ரூட்டர் தன் மேக்கையே பதிலாகச் சொல்லி, வரும் பாக்கெட்டை டிவிஆருக்குக் கைமாற்றிவிடும். ரூட்டரின் லேனில் டிஹெச்சிபியை (தானாக ஐபி எண் கொடுக்கும் சேவை) நிறுத்த மறந்ததால் டிவிஆர் பழையபடி 2 வரிசை எண்ணையே வாங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தியதும் மோடத்திடமிருந்தே 1 வரிசை எண் வந்தது. அப்புறம் என்னாலேயே ரூட்டருக்குள் நுழைய முடியவில்லை! டெஸ்க்டாப்புக்குக் கையால் 192.168.2.10 கொடுத்துத்தான் உள்ளே போனேன்.

படம் வந்தது, ஆனால் திக்கித் திக்கி. சிக்னல் -78 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மாடிப்படிப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றியதும் -61. நான்கு கேமராவும் ஓடுகின்றன.

ரிலேடி ஐபிவி6-ஐ (புதிய வகை ஐபி முகவரி) கடத்தாது. டெஸ்க்டாப் இப்போதைக்கு ஐபிவி4-லேயே கிடக்கட்டும்.